முதலில் ஒரு மா

அந்த அக்கா என் கடைக்கு முதன்முதலில் கொண்டு வந்தது ஒரு மவுஸ். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் அப்போது நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். மவுஸை யாரும் ரிப்பேருக்குக் கொண்டு வரமாட்டார்கள். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்வார்கள். அதைத்தான் அவரிடமும் சொன்னேன்.

"புதுசு எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. இதை உங்களால சரி பண்ண முடியுமா, முடியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. வயர் கழுத்துக்கிட்டே அறுந்திருந்தது. வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த மாதம் ஒரு பிரிண்டரோடு வந்தார். அதற்கும் அப்புறம்தான் அவருடைய கம்ப்யூட்டரே வந்தது, பூதலூரிலிருந்து பஸ்ஸில், மடியில் உட்கார்ந்துகொண்டு. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். மடியில் இருப்பது லக்கேஜ் ஆகாது என்று வாதாடி ஜெயித்துவிட்டு வந்திருந்தார்.

மவுஸ் அவர் எனக்கு வைத்த பரீட்சை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மவுஸை அவர் கையால் தொட்டுக்கூட நான் பார்த்ததில்லை. கேட்டதற்கு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "உங்களையும் ஒரு மாவுல போட்டுப் பாத்துட்டுத்தானே தம்பி வந்தேன்" என்றார்.

மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். எங்கள் பக்கத்தில் வயலை இன்னும் மாக்கணக்கிலும் வேலிக்கணக்கிலும்தான் பேசுவார்கள். புதிதாக ஒரு நெல் ரகம் வந்தால் புத்தியுள்ள குடியானவர் எவரும் ஒரேயடியாக இறங்க மாட்டார். ஒரு மாவில் மட்டும் போட்டு, அறுத்து, தூற்றி, சோறாக்கித் தின்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வயலுக்குக் கொண்டுபோவார். எல்லாரும் நெல்லுக்குச் செய்வதை இந்த அக்கா எல்லாவற்றுக்கும் செய்தார். புதுக் காப்பித்தூள் என்றால் சாயங்காலக் காப்பிக்கு மட்டும். காலைக் காப்பியில் கைவைக்க விடமாட்டார். புதுப் பால்காரரிடம் மோருக்கு மட்டும் பால் வாங்குவார். கண் டாக்டரை மாற்ற வேண்டி வந்தபோது, முதல் தடவை தன் வியாதியைப் பற்றி வாயே திறக்காமல், தலைவலி என்று சொல்லி ஒரு கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர் இவரைப் பார்த்தாரோ இல்லையோ, இவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவது தடவை போனபோதுதான் உண்மையைச் சொன்னாராம்.

இப்படி முடிவெடுக்க மாதக்கணக்கில் இழுப்பார். எடுத்துவிட்டாரென்றால் அப்புறம் ஜேசிபி வைத்துத் தள்ளினாலும் நகரமாட்டார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இப்போதும் ஒரு புதுச் செருப்பு வாங்கினால் முதலில் வீட்டுக்குள் போட்டு நடந்து பார்க்கிறேன். என் மனைவி கேலி செய்கிறாள்.

கண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பார்வையின் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வருகிற ஒரு வியாதி அவருக்கு. ஓரம் தெரியும், நடு தெரியாது. வரப்பில் வழுக்காமல் நடப்பார், எதிரே நிற்கிறவரின் முகம் தெரியாது. "உங்க மூஞ்சி எனக்கு இல்ல தம்பி. காது ரெண்டும் நல்லாத் தெரியுது" என்பார். நான் முடி வெட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு, யாரோ புதுக் காதோடு வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே விடாமல் நிறுத்தி வைப்பார்.

பூதலூர் பக்கத்தில் அவர்களுக்கு ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர். அண்ணன், இவர், ஒரு தம்பி, ஒரு தங்கை, நான்கு பேருக்கும் பொது, பாகம் பிரிக்கவில்லை. அண்ணன் சென்னையில், தம்பி பெங்களூரில், தங்கை சிங்கப்பூரில். கல்யாணம் செய்துகொள்ளாத இவர்தான் ஊரில் இருந்து சாகுபடி பார்த்தார். கூட்டு நிலத்தின் லட்சணம் தெரிந்ததுதானே. ஒரு மூட்டை யூரியா வாங்கினாலும் யாராவது ஒருத்தர் தனக்குச் சொல்லவில்லை என்று முகத்தைத் தூக்குவார். அதற்காக இவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். எதுவானாலும் எழுத்தில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நாற்றுப் பறித்தது, ஆள் கிடைக்காமல் நடவு மிஷினைக் கூப்பிட்டது, எல்லாம் மெயிலாகப் போகும். பதிலும் எழுத்தில்தான் வர வேண்டும். அண்ணன் போனில் ஏதாவது முடிவு சொன்னால், "மெயில்ல போடுண்ணே" என்று வைத்துவிடுவார்.

அந்த மெயிலுக்கு ஒரு புரோகிராம் வைத்திருந்தார். பிரவுசரில் திறந்து பார்க்கிற மெயில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு, வருகிற மெயிலையெல்லாம் இறக்கி வீட்டிலேயே சேர்த்து வைக்கிற பழைய ரகப் புரோகிராம். இடது ஓரத்தில் தெக்கு வயல், ஆத்தங்கரை வயல், போர் வயல் என்று வயலுக்கு ஒரு ஃபோல்டர். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. எல்லாக் காரியமும் விசையிலேயே நடக்கும். சின்ன வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் ஹையர் பாஸ் செய்தவர். விசையைப் பார்த்து அடித்துவிடக் கூடாது என்று அங்கே கைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்களாம். அந்தப் பழைய டைப்ரைட்டர் விசை முறையைத்தான் கம்ப்யூட்டரிலும் வைத்திருந்தார்.

வாட்ஸ்அப் வந்தபோது அதையும் ஒரு மாவில் போட்டார். ஒரு சம்பா முழுக்கக் குடும்பக் குரூப் நடந்தது. காலை வணக்கம் சொல்கிற ரோஜாப்பூக்களுக்கு நடுவில், இலைச்சுருட்டுப் புழு விழுந்த சேதி காணாமல் போனது. போன் கண்ணாடி வழவழவென்று இருக்கிறது, விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை என்று இன்னொரு குறை. அறுப்பு முடிந்த அன்றே அந்தப் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பட்டன் போனுக்குத் திரும்பினார்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் சிக்கல் வந்தது. அவர் வைத்திருந்த பழைய விண்டோஸுக்கு அடுத்த பொங்கலோடு ஆதரவு முடிகிறது, அதற்கப்புறம் பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து நிற்க ஆரம்பித்தது. திரையின் நடுவில் வந்து நின்றதால் அவருக்கு அது தெரியவே இல்லை. ஏதோ ஒன்று மறைக்கிறது என்று மட்டும் சொன்னார். நான்தான் போய்ப் படித்துக் காட்டினேன்.

பெங்களூர்த் தம்பி உடனே எழுதிவிட்டார். புதுக் கம்ப்யூட்டர், புது விண்டோஸ், மெயிலை இனிமேல் பிரவுசரிலேயே பார்த்துக்கொள்ளலாம், அந்தக் காலத்துப் புரோகிராமை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று. நானும் அதற்கு ஒத்து ஊதினேன். புதுக் கம்ப்யூட்டர் விற்றால் எனக்கு நாலு காசு வரும், பொய் சொல்வானேன். அக்கா ஒரு வார்த்தையில் முடித்தார்.

"பிரவுசர்ல பட்டனை அவன் இஷ்டத்துக்கு மாத்துவான் தம்பி. ஒருநாள் காலையில எந்திரிச்சுப் போனா வரப்பு இடம் மாறியிருக்கும். என் கண்ணுக்கு அது ஆகாது."

அப்போதுதான் லினக்ஸ் பற்றிச் சொன்னேன். அவருடைய பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும், காசு கிடையாது, அவருடைய மெயில் புரோகிராம் அதிலும் அப்படியே உண்டு என்றேன். அப்படியே என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். சாட்சிக் கூண்டில் ஏற்றிய மாதிரி விசாரணை நடந்தது. பதில் போடுகிற விசை அதேயா, எல்லாருக்கும் பதில் போடுகிற விசை அதேயா, அனுப்புகிற விசை அதேயா. இத்தனை வருஷத்து மெயிலும் ஃபோல்டரோடு வந்து சேருமா, இல்லை கொட்டிக் கலந்துவிடுமா. டைப்ரைட்டர் விசை முறை உண்டா. எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது.

"வீட்டை மாத்துறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அடுப்பு அதே இடத்துல இருக்கணும். சரி, ஒரு மாவுல போட்டுப் பாப்போம்" என்றார்.

கடையில் கிடந்த பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸைப் போட்டு, அவருடைய மெயில்களை ஃபோல்டரோடு அப்படியே நகலெடுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருஷம் மேட்டூரைத் தாமதமாகத்தான் திறந்தார்கள். போர்வெல் இருந்தவர்கள் மட்டும் குறுவை போட்டார்கள். இவரும் போட்டிருந்தார். குறுவை அறுக்கிற வரைக்கும் லேப்டாப் ஓடட்டும் என்றார். ரெண்டு நாளில் தெரிந்துவிடும், மூன்று மாதம் எதற்கு என்று கேட்டேன். ரெண்டு நாளில் எந்தப் பயிரும் பச்சையாகத்தான் இருக்கும், பூச்சி எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார்.

சும்மா இருக்கட்டும் என்று அந்த லேப்டாப்பில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற வசதியையும் போட்டிருந்தேன். தமிழும் படிக்கும், ஆனால் வெள்ளைக்காரன் நெல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிப் படிக்கும். பூதலூர் என்பது அதன் வாயில் ஏதோ வெளிநாட்டு ஊராக வந்து விழுந்தது. அக்காவுக்கு முதலில் கோபம். தனக்கு இன்னும் கண் இருக்கிறது என்றார். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு அதற்குத் துரை என்று பேர் வைத்தார். "சரி, துரை இருந்துட்டுப் போகட்டும். ஒரு மாதானே."

சோதனை என்றால் சோதனை மாதிரியே நடக்க வேண்டும் அவருக்கு. இரண்டு வயலுக்கும் ஒரே விதை, ஒரே உரம், ஒரே தண்ணீர், அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றார். ஆகவே பழைய கம்ப்யூட்டரும் லேப்டாப்பும் ஒரே மெயில் கணக்கில் ஓடின. லேப்டாப்பைப் பக்கத்து அறையில் அணைக்காமல் வைத்தார். மாதிரி வயலைத் தினம் போய் நோண்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பேன் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒருதடவை போனபோது லேப்டாப் மேல் துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. தூசி விழாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஏற்பாட்டில்தான் வினை இருந்தது. அவருடைய புரோகிராம் மெயிலை இறக்கியதும், மெயில் வந்து சேர்கிற சர்வரில் நகல் வைக்காது. லேப்டாப் எப்போதும் விழித்திருந்ததால் வந்த மெயிலையெல்லாம் அதுவே வாங்கிக்கொண்டது. காலையும் மாலையும் மட்டும் திறக்கிற பழைய கம்ப்யூட்டருக்கு எதுவும் வரவில்லை. அக்காவும் யாருக்கும் வேலை ஒழியவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். முதல் ஞாயிறு பார்த்துப் போர் மோட்டார் எரிந்துபோக, லேப்டாப் பக்கமே போகவில்லை. அதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சென்னையிலிருந்து அண்ணன் போன் செய்தார். சிங்கப்பூர்த் தங்கை தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதை எல்லாருக்கும் எழுதியிருக்கிறாள். அக்கா வைத்த சட்டமாயிற்றே, நல்ல சேதியும் எழுத்தில்தான். எல்லாரும் வாழ்த்து எழுதியாகிவிட்டது. இவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தங்கை இரண்டாம் தடவையும் எழுதியிருக்கிறாள், அக்காவுக்கு என் மேல் ஏதாவது வருத்தமா என்று. அண்ணன் கோபமாகப் பேசவில்லை. கல்யாணச் சேதியே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இனிமேல் உன்னைத் தனியாக விட்டுவைப்பது பாவம் என்று சொல்லியிருக்கிறார். பொங்கலுக்கு எல்லாரும் வருகிறோம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், ஆள் பார்த்தாகிவிட்டது, நீ என்னோடு சென்னைக்கு வந்துவிடு என்று முடித்திருக்கிறார்.

அக்கா கூப்பிட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அழுதிருந்தார், மறைக்கவும் இல்லை. லேப்டாப்பைத் திறந்தால் எல்லா மெயிலும் வரிசையாக அங்கே உட்கார்ந்திருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மேல் மடையிலேயே தண்ணி நின்னுடுச்சுக்கா. இதுக்கு வந்தது அதுக்குப் போகல."

அழுத முகத்தோடேயே சிரித்துவிட்டார். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரில் பிறந்து வளர்ந்தவள், மேல்மடையை அடைக்காமல் கீழ்மடையில் தண்ணீருக்குக் காத்திருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். தங்கைக்கு அப்போதே போன் போட்டுப் பேசினார். அந்த ஒருதடவைதான் நான் பார்க்க அவர் சட்டத்தை மீறினார்.

இறக்கினாலும் நகல் சர்வரிலேயே இருக்கிற மாதிரி அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். அதோடு என் யோசனையையும் சொன்னேன். அண்ணனிடம் இது மிஷின் கோளாறு என்று எழுதிவிடுங்கள், லேப்டாப்பை நான் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன், வேளை சரியில்லை, சோதனை இப்போது வேண்டாம் என்றேன்.

"மிஷின் மேல பழியைப் போட்டா என் கண்ணு மேல அவங்களுக்கு இருக்கிற பயம் போயிடுமா தம்பி? அது போகாது. சென்னைக்குப் போய் நான் என்ன பண்றது? பால்கனியில உக்காந்து எதுத்த வீட்டுக்காரங்க காதைப் பாத்துக்கிட்டிருக்கணும். இங்க எனக்குப் பத்து ஏக்கர் வேலை இருக்கு" என்றார்.

லேப்டாப் பற்றி மறுபடி கேட்டேன்.

"குறுவை இன்னும் அறுக்கலையே" என்றார்.

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. வீடே பற்றி எரியும்போது மாதிரி வயலைக் காவல் காக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். நடுவில் இரண்டு தடவை போன் செய்தார். புரோகிராமை மூடுகிற விசை லினக்ஸில் வேறாக இருக்கிறது என்று ஒருதடவை. அமைப்புகளை மாற்றுகிற இடம் வேறு மெனுவுக்குப் போய்விட்டது என்று ஒருதடவை. இரண்டும் எனக்கே தெரியாத சங்கதி. அதனால் பரவாயில்லையா என்று கேட்டேன். வாசல்படி ஒரு அங்குலம் உயரம், கால் பழகிவிடும் என்றார்.

குறுவை அறுத்து முடித்ததும் தீர்ப்பு வந்தது. பரவாயில்லை, போடலாம் என்றார். நெல்லைச் சொல்கிறீர்களா லினக்ஸைச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். ரெண்டையும்தான் என்றார். ஆனாலும் உடனே மாற்ற விடவில்லை. பயிர் நிற்கும்போது வரப்பை வெட்டக் கூடாது, பழையதற்குக் கெடு இருக்கிற வரைக்கும் அது ஓடட்டும் என்று நாளைத் தள்ளி, அந்தக் கெடு போகியன்று முடிவதால் போகியையே குறித்தார்.

போகிக் காலையில் போனேன். தெருவெல்லாம் பாயும் முறமும் எரிந்து புகையாக இருந்தது. மெயில்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். அப்புறமும் எனக்கு மனசு வரவில்லை. பழைய விண்டோஸும் ஒரு பக்கம் இருக்கட்டுமே, வேண்டும்போது எதில் வேண்டுமோ அதில் திறந்துகொள்ளலாம் என்றேன்.

"வேணாம். ரெண்டு மடையைத் திறந்து வெச்சு நான் பட்டது போதும். அழிச்சுடுங்க."

"அண்ணன் நாளைக்கு வர்றாருக்கா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"அறுத்துப் பாத்தாச்சு தம்பி. அழிங்க."

அழித்தேன். என் வேலையில் எத்தனையோ கம்ப்யூட்டரை அழித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும்தான் அமுக்குவதற்கு முன் நகலை மூன்றாவது தடவையும் திறந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் லினக்ஸ் ஏறியது. துரையும் வந்து சேர்ந்தார். புரோகிராமைத் திறந்ததும் தெக்கு வயல், ஆத்தங்கரை வயல், போர் வயல் எல்லாம் அதே வரிசையில் வந்து நின்றன. அக்கா உட்கார்ந்து நாலு விசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, காணும் பொங்கலுக்குச் சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னார்.

காணும் பொங்கலன்று கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அண்ணனை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். முரட்டு ஆள் என்று நினைத்துப் போனால், அக்கா நடக்கும்போதெல்லாம் வழியில் கிடக்கிற செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிற மனிதர். அவர் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. பேச்சு நேராகவே வந்தது. அவர் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. நான் இப்போதே ஒரு மெயில் அனுப்புகிறேன், நீ உள்ளே போய் நீயே படித்து, நீயே பதில் போடு, யாரும் உதவக் கூடாது, முடிந்தால் குத்தகைப் பேச்சை விட்டுவிடுகிறேன் என்றார். தம்பியும் தங்கையும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அக்கா எழுந்து கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனார். கூடவே எழுந்த என்னை அண்ணன் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து மேசை தெரிந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டித் திரையின் ஓரத்தில் தடவி, பட்டனை அமுக்கினார். திரை அணைந்துவிட்டது. தவறுதலாக அமுக்கிவிட்டார் என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டேன்.

"தப்பா அமுக்கல தம்பி. உக்காருங்க." திரும்பாமலே சொன்னார். அப்புறம் கூடத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "அண்ணே, இன்னிக்கு எனக்குப் பாதி தெரியுது. நாளைக்கு அதுவும் இல்லைன்னா என்ன பண்ணுவேங்கிறதுதானே உங்க பயம். நாளைக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்கே பாத்துக்குங்க. நான் குறுவை பூரா பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமைன்னா லேப்டாப்புத் திரை மேல துண்டைப் போட்டு மூடிட்டுத்தான் உக்காருவேன்."

தூசிக்காகப் போர்த்திய துண்டு என்று நினைத்தவன் நான். அவர் லினக்ஸைத்தான் சோதிக்கிறார் என்று மூன்று மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அண்ணன் ஒற்றை விரலால் போனில் தட்டி அனுப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளேயிருந்து துரை ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிப் படிக்க ஆரம்பித்தார். நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா, வேண்டாமா, உன் முடிவு என்ன. தான் எழுதியதைத் துரையின் வாயால் கேட்கும்போது அண்ணனுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே விசைகள் தடதடவென்று ஓடின. எங்கேயும் தயங்கி நிற்கவில்லை.

மெயில் வந்து முதலில் தங்கையின் போன் அடித்தது. அப்புறம் தம்பியுடையது. அப்புறம் அண்ணனுடையது. கடைசியாக என் போனும் அடித்தது. என் முகவரியையும் சேர்த்திருந்தார்.

"குத்தகைக்கு இல்லை. சாகுபடி நாமேதான். அடுத்த குறுவைக்குத் தெற்கு வயலில் ஒரு மா மட்டும் புது ரகம் போட்டுப் பார்க்கிறேன். சென்னையையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் ஒரு மா போட்டுப் பார்க்கலாம், சித்திரையில் ஒரு வாரம் வருகிறேன். எல்லாரும் பதில் போட்டுவிட்டுச் சாப்பிட வாருங்கள்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். உள்ளே துரை "சரி" என்றார். தம்பி தட்டினார். துரை இன்னொரு தடவை "சரி" என்றார். அண்ணன் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அணைந்த திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. உன் இஷ்டம்" என்றார்.

அக்கா விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மெயில்ல போடுண்ணே."